ஆரோக்கியஸ்ரீ நின்னா ஓட்டு மாறுமா? நகரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற நகரி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், ரேஷன் கார்டு லேமினேஷன், பென்ஷன் மனு, ஆஸ்பத்திரி பேப்பர் ஸ்கேன், இதுதான் பிழைப்பு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. தறி ஓட்டுகிறவர்கள், மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர்கள், தினம் திருத்தணிக்கு பஸ் ஏறுகிறவர்கள். மெஷின் சூடாகிற நேரத்துக்குள் பேச்சு ஆரோக்கியஸ்ரீ கார்டில், அதாவது அரசின் இலவச வைத்தியக் கார்டில், ஆரம்பித்து கட்சியில் போய் நிற்கும். கார்டைக் கையில் விட்டுவிட்டே வைத்தியத்தை வெட்டுகிறார்கள் என்று நான் சொல்வேன், அப்படி வெட்டினால் ஓட்டு மாறுமா என்று பேச்சு போகும். ஒரே சந்தேகத்தை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

அண்ணா, ஆரோக்கியஸ்ரீயை எடுத்துட்டு வேற ஒண்ணு கொண்டாந்துட்டாங்களாமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒன்றுதான். ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி, அதாவது ஒய்.எஸ்.ஆர்., முதல்வராக இருந்தபோது 2007-ல் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கியது. வெள்ளை ரேஷன் கார்டு (ஏழைக் குடும்பங்களுக்கானது) இருக்கிற குடும்பத்தில் யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அரசு பணம் கட்டும். 2014-க்குப் பிறகு தெலுங்கு தேசம் ஆட்சியில் அது, அந்தக் கட்சியைத் தொடங்கிய முன்னாள் முதல்வர் என்.டி.ஆர். பெயரில், என்.டி.ஆர். வைத்திய சேவா ஆனது. 2019-ல் ஒய்.எஸ்.ஆர். மகன் ஜெகன் ஆட்சிக்கு வந்ததும் டாக்டர் ஒய்.எஸ்.ஆர். ஆரோக்கியஸ்ரீ. 2024-ல் தெலுங்கு தேசம் திரும்பி வந்ததும் மறுபடி என்.டி.ஆர். வைத்திய சேவா. விஜயவாடாவில் இருக்கிற ஹெல்த் யூனிவர்சிட்டியின் பெயர்கூட 2022-ல் என்.டி.ஆரிலிருந்து ஒய்.எஸ்.ஆருக்குப் போய், 2024-ல் திரும்பி வந்தது.

என் கடைக்கு எந்தப் பெயர் போட்ட அட்டை வந்தாலும் கொண்டு வருகிறவர் வாயில் வருவது 'ஆரோக்கியஸ்ரீ கார்டு'தான். வைத்திய சேவா என்று கேட்டு வந்தவர் இதுவரை ஒருத்தர். அவர் வாத்தியார்.

கார்டு என் கையில கீது. லிமிட்டு 25 லட்சம்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி வெட்டிட்டாங்கன்னு சொல்ற?

திட்டத்தைக் குறைக்கிறோம் என்று மைக்கில் சொல்லிக் குறைக்கிற அரசு நம் ஊரில் அபூர்வம். இங்கே வெட்டு பாக்கியாக வரும். தனியார் ஆஸ்பத்திரி நோயாளியைச் சேர்த்துக்கொண்டு, வைத்தியம் பார்த்து, திட்டத்தை நடத்துகிற அரசு டிரஸ்டுக்கு பில் அனுப்பும். பணம் மாதக்கணக்கில் வராது. ஒரு கட்டத்தில் அவர்கள் கார்டு நோயாளிகளைச் சேர்க்க மாட்டோம் என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். 2024 மே மாதம், ஓட்டுப் போட்டு முடித்து எண்ணிக்கைக்குக் காத்திருந்த நாட்களில் அப்படி நடந்தது. ஆட்சி மாறியது. 2025 அக்டோபரில் அதே கதை மறுபடி நடந்தது. இரண்டு தடவையும் யாரும் உங்கள் கார்டைத் திரும்பக் கேட்கவில்லை. லிமிட்டும் அப்படியேதான் இருந்தது.

அது தவிர சில்லறை வெட்டுகள் இருக்கின்றன. 'அப்ரூவல் இன்னும் வரல', 'இந்த ஆபரேஷன் லிஸ்ட்ல இல்ல', 'ஸ்கேன் மட்டும் வெளிய எடுத்துக்குங்க', 'பெட் இல்ல, திங்கக்கிழமை வாங்க'. என் கணக்கில் இதெல்லாமும் வெட்டுதான். பேப்பரில் வராத வெட்டு.

ஆஸ்பத்திரில பணம் கட்டச் சொன்னா நாங்க யாரைத் திட்டறது?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் சித்தப்பா விசைத்தறி ஓட்டினவர். நெஞ்சு வலி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கார்டு நோயாளிகளுக்கு வழிகாட்ட ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிற ஆள்தான் ஆரோக்ய மித்ரா; அவர் உட்காருகிற கவுன்டரில் கார்டைக் கொடுத்தோம். அப்ரூவலுக்கு நேரம் ஆகும், அவசரம் என்றால் 40,000 கட்டிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. சித்தியின் வளையல் இரண்டும் அன்று சாயங்காலமே அடகுக் கடைக்குப் போயின. ரசீது என்று கொடுத்தது உள்ளங்கை அளவு வெள்ளைத் தாள். அதில் பேனாவில் 'அட்வான்ஸ்' என்று எழுதி ஒரு கோடு. சீல் கிடையாது. அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சித்தப்பா திட்டினது ஆஸ்பத்திரியை. "கவர்மென்ட் குடுக்குது, நடுவுல இவனுங்க திங்கறானுங்க" என்பார். ஓட்டை எப்போதும் போடுகிற சின்னத்துக்கே போட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. முதல்வர், டிரஸ்ட், ஆஸ்பத்திரி நிர்வாகம், கவுன்டரில் இருக்கிற பையன் என்று நான்கு கை மாறி வருகிற காசு. எந்தக் கையில் நின்றது என்று கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரிகிற ஆள் கவுன்டர் பையன். கோபம் அங்கேயே செலவாகிவிடுகிறது, ஓட்டுச் சாவடி வரைக்கும் மிச்சம் இருப்பதில்லை.

சித்தி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏழைங்க வயித்துல அடிச்சா அடுத்த எலெக்ஷன்ல காட்ட மாட்டாங்களா?

சில சமயம் காட்டுகிறார்கள், பல சமயம் இல்லை. என்.டி.ஆர். கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுத்தது இந்தப் பக்கம் சாமி கதை மாதிரி. 1996-ல் சந்திரபாபு நாயுடு அரசு அதை 3.50 ஆக்கியது. சோற்றிலேயே கை வைத்த மாதிரிதான். ஆனால் 1999-ல் தெலுங்கு தேசம் 294-ல் 180 இடம் ஜெயித்தது. அந்தத் தேர்தலில் பி.ஜே.பி. கூட்டணி, கார்கில் அலை என்று வேறு காற்று அடித்தது. 2004-ல் அதே கட்சி 47-க்கு இறங்கியது. அந்தத் தோல்விக்கு வறட்சி, கரண்ட் பில் என்று பத்துக் காரணம் சொல்வார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். தமிழ்நாட்டில் 2020 டிசம்பரில் எடப்பாடி பழனிசாமி அரசு அம்மா மினி கிளினிக் தொடங்கியது, 2,000 இடங்களில் என்று அறிவிப்பு. 2022 ஜனவரியில் தி.மு.க. அரசு மூடியது. அடுத்த மாதமே நகராட்சித் தேர்தல். 21 மாநகராட்சிகளையும் தி.மு.க. கூட்டணிதான் எடுத்தது. கிளினிக் ஒரு வருஷம்தான் இருந்தது, ஜனங்களுக்கு அதில் கால் பழகவே இல்லை. பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருந்தது. வீடு தேடி வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. மூடினதைவிடத் திறந்தது பெரியதாகத் தெரிந்தது.

ஒய்.எஸ்.ஆர். 2009-ல ரெண்டாவது தடவை வந்ததே ஆரோக்கியஸ்ரீயாலதானே?

இதைச் சொல்லாத ஆள் எங்கள் பஜாரில் கிடையாது. பாதி உண்மை. 2005-ல் வந்த 108 ஆம்புலன்ஸ், 2007-ல் ஆரோக்கியஸ்ரீ, விவசாயத்துக்கு இலவசக் கரண்ட், பிள்ளைகளுக்குக் கல்லூரி ஃபீஸ், எல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரு முகம் கொடுத்தது. இதய ஆபரேஷன் ஆன குழந்தையின் அப்பா ஊரில் ஒருத்தர் இருந்தால் போதும், அந்தத் தெருவுக்கே அவர்தான் பிரசாரம்.

மற்ற பாதியைப் பேச மாட்டார்கள். அந்தத் தேர்தலில் சிரஞ்சீவி பிரஜா ராஜ்யம் என்று புதுக் கட்சி வைத்து நின்றார். ஆட்சி பிடிக்காதவர்களின் ஓட்டு அவருக்கும் நாயுடுவுக்கும் பிரிந்தது. காங்கிரஸ் 294-ல் 156, பெரும்பான்மைக்கு மேல் எட்டோ ஒன்பதோதான். ஆபரேஷன் மட்டும் ஓட்டு வாங்கித் தரும் என்றால், 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்த தி.மு.க. 2011-ல் 23 இடத்துக்கு இறங்கியிருக்காது. அங்கே கரண்ட் கட்டும் 2ஜி-யும் பேச்சாக இருந்தன. காப்பீட்டு அட்டை பீரோவில் இருந்தது.

அப்படின்னா லிமிட்டை 25 லட்சம் ஆக்கின ஜெகன் ஏன் தோத்தாரு? வாலண்டியர் வீட்டுக்கே வந்தாங்களே?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, நிதானமாகச் சொல்கிறேன். ஜெகன் ஆட்சியில் வருஷ வருமானம் 5 லட்சம் வரைக்கும் கார்டு என்றார்கள். 1,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தால் திட்டத்துக்குள் வரும் என்றார்கள். ஆபரேஷன் ஆனவர் வீட்டில் ஓய்வெடுக்கிற நாட்களுக்கு ஆசரா என்று தினம் 225 ரூபாய். சென்னை, பெங்களூர், ஹைதராபாத் ஆஸ்பத்திரிகளையும் சேர்த்தார்கள், எங்களுக்குச் சென்னை சேர்ந்தது பெரிய விஷயம். 2023 டிசம்பரில் லிமிட் 25 லட்சம். ஐந்து மாதம் கழித்து 175-ல் 11 இடம். அதற்கு முந்தின தடவை 151.

ஓட்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். 2019-ல் அவர் கட்சிக்கு 100-க்கு 50 ஓட்டு, 2024-ல் 39-க்கு மேல். பத்துப் பேரில் ஒருத்தர் நகர்ந்தார், நான்கு பேர் அப்படியே நின்றார்கள். எதிரில் மூன்று கட்சி ஒன்றாகச் சேர்ந்ததால் அந்த ஒருத்தர் 140 தொகுதியைக் கொண்டுபோனார். 'ஜனங்க மறந்துட்டாங்க' என்று சொல்கிறவர்கள் அந்த நான்கு பேரை மறந்துவிடுகிறார்கள்.

நகர்ந்தவர் ஏன் நகர்ந்தார்? என் கடையில் அந்த வருஷம் அதிகம் ஜெராக்ஸ் ஆனது நிலப் பத்திரம். புது நிலச் சட்டம் வந்திருந்தது, பட்டா பாஸ்புக்கில் முதல்வர் படம், சர்வே கல்லில் பெயர். நம் நிலத்தில் அவர் படம் ஏன் என்று கேட்டுக்கொண்டே பத்திரத்தை நாலு காப்பி எடுத்து வைத்தார்கள். கார்டு ஏற்கெனவே கையில் இருந்தது, நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற பயம் புதியது. மது விலையும், ரோட்டுப் பள்ளமும், வேலையில்லாத பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வாலண்டியர்களைப் பற்றி ஒன்று. அரசு உதவிகளை வீட்டுக்கே கொண்டுவர ஜெகன் அரசு வைத்த ஆட்கள், 50 வீட்டுக்கு ஒருத்தர், மாதம் 5,000 ரூபாய். அவர்கள் வந்து போனதில் கார்டு யார் கொடுத்தது என்பது தெளிவாகத் தெரிந்தது. அதே மாதிரி எந்த வீட்டுக்கு வரவில்லை என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

எங்க வீட்ல யாருக்கும் பெரிய வியாதி இல்ல. கார்டு நின்னா ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியப்போவுது?

அரிசி விலை ஏறினால் ஊருக்கே அன்றைக்கு ராத்திரி தெரியும். கார்டு நின்றால் அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வீட்டுக்குத்தான் தெரியும். மருத்துவ வெட்டு அரசுக்கு மலிவாக முடிவதற்கு இதுதான் காரணம். பாதிக்கப்பட்டவர் ஒன்று கட்டிலில் இருப்பார், இல்லையென்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் கடனை அடைக்கிற யோசனையில் இருப்பார். டயாலிசிஸ் நாளில் ஓட்டுப் பதிவு வந்தால் அவர் எங்கே போவார்?

ஆனால் எண்ணிக்கை சின்னது என்று தள்ளவும் முடியாது. நம் நகரித் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் ஜெகன் கட்சியில் நின்ற நடிகை ரோஜா ஜெயித்தது 858 ஓட்டில். 430 பேர் மாற்றிக் குத்தியிருந்தால் வேறு ஆள் எம்.எல்.ஏ. 2019-ல் வித்தியாசம் 2,708. ஒரு தொகுதியில் அஞ்சு வருஷத்தில் கார்டு வைத்து ஆஸ்பத்திரி போய்த் திரும்பின குடும்பங்கள் இதைவிட நிச்சயம் அதிகம். 2024-ல் வித்தியாசம் பெரியது, அப்போது எதை மாற்றினாலும் முடிவு மாறியிருக்காது.

பொம்பளைங்க வேற மாதிரி ஓட்டுப் போடறாங்களா?

ஆந்திராவில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருகிறதும் பெரும்பாலும் அவர்கள்தான். கவுன்டரில் நடந்தது முழுக்க அவர்களுக்குத் தெரியும், அவமானமும் அவர்களுக்குத்தான்.

வளையல் அடகு வைத்த சித்தியிடம் தேர்தல் முடிந்து ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். "உங்க சித்தப்பா எதுல குத்தினாரோ அதுலயேதான்" என்று சித்தப்பா காதில் விழும்படிச் சொன்னார். அவர் எழுந்து தறிக் கொட்டகைக்குப் போனதும் என்னைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் ஆட்டினார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இதை வைத்து எல்லாப் பெண்களும் இப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கட்சி என்று கணக்குப் போடுகிற ஏஜென்டுகள் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஓட்டு இங்க, ஆஸ்பத்திரி திருத்தணில. அப்ப எங்க ஓட்டுக்கும் வைத்தியத்துக்கும் இன்னா சம்பந்தம்?

நல்ல கேள்வி. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரி இங்கே நின்றது. கோடு நடுவில் விழுந்தாலும் காய்ச்சல் வந்தால் பஸ் ஏறுவது அந்தப் பக்கம்தான். திருத்தணி அரசு ஆஸ்பத்திரியிலோ சென்னை ஜி.எச்.-சிலோ ஓ.பி. சீட்டுப் போட எந்த மாநிலம் என்று பார்த்துத் துரத்துவதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மட்டும் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்குத்தான். இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் ரோட்டில் அடிபட்டால் முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. திருப்பதி ரோட்டில் போய் வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கை கால் முறிவுக்கு நம் ஆட்கள் எப்படியும் புத்தூர் கட்டுக்குத்தான் போவார்கள், அதற்குக் கார்டும் வேண்டாம் மித்ராவும் வேண்டாம்.

இதனால் என்ன ஆகிறது என்றால், இங்கே வெட்டு விழுந்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் தாங்குகிறது. வலி குறைகிறது, கோபமும் குறைகிறது. தாங்கின அரசுக்கு எங்களிடம் ஓட்டு கிடையாது. தாங்க வைத்த அரசுக்குத் தண்டனையும் கிடையாது. எல்லையிலிருந்து தள்ளி இருக்கிற ஊர்களுக்கு இந்த வசதி இல்லை.

பேர் மாத்தறதுல இன்னா வருது? வைத்தியம் நடந்தா சரி.

வைத்தியம் நடந்தால் சரிதான். கட்சிக்கு அது போதாது. பெயர் இருந்தால்தான் நன்றி யாருக்கு என்று தெரியும். ஆனால் அதே பெயரால் பழியும் வரும், அதைக் கட்சிகள் மறந்துவிடுகின்றன. தலைவர் பெயர் வைத்த திட்டத்தில் கவுன்டர் பையன் பணம் கேட்டால், அவன் கேட்டது தலைவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து.

தமிழ்நாட்டில் ஒரு வேடிக்கை. கலைஞர் காப்பீடு என்ற பெயரை எடுத்துவிட்டு ஜெயலலிதா 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று வைத்தார். ஆள் பெயர் இல்லாததால் பிறகு வந்த தி.மு.க. அரசும் அதையே வைத்துக்கொண்டது. இங்கே இரண்டு பெயருக்கும் நடுவில் போர்டு எழுதுகிறவருக்கு நல்ல வரும்படி.

மெடிக்கல் காலேஜை தனியாருக்குக் குடுக்கறாங்கன்னு கையெழுத்து வாங்கினாங்களே, அது இன்னாத்துக்கு?

ஜெகன் ஆட்சியில் 17 அரசு மருத்துவக் கல்லூரிகள் கட்ட ஆரம்பித்தார்கள், ஐந்து 2023-ல் திறந்தன. மிச்சத்தில் பத்தைத் தனியார் கூட்டோடு நடத்தலாம் என்று இப்போதைய அரசு முடிவெடுத்தது. எதிர்க்கட்சி ஒரு கோடிக் கையெழுத்து என்று 2025 கடைசியில் ஊர் ஊராக வந்தது. அரசு சொல்வது, கட்ட காசில்லை, இப்படிச் செய்தால் சீக்கிரம் முடியும் என்று. எதிர்க்கட்சி சொல்வது, ஏழைப் பிள்ளைக்கு சீட் போகும், வைத்தியத்துக்குக் காசு கேட்பார்கள் என்று.

யார் சொல்வது சரி என்பதை விடுங்கள். எதை எடுத்தார்கள் என்று கவனியுங்கள். ஆஸ்பத்திரி பாக்கியை வைத்து யாரும் ஒரு கோடிக் கையெழுத்து வாங்கப் போகவில்லை. பாக்கிக்கு போட்டோ கிடையாது. பாதியில் நிற்கிற கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்கலாம். அந்தப் பாக்கி இரண்டு ஆட்சியிலும் இருந்தது என்பதால், தோண்டினால் தங்கள் காலடியிலும் மண் சரியும்.

இனிமே இன்ஷூரன்ஸ் கம்பெனி பாத்துக்குமாமே?

2025 செப்டம்பரில் அமைச்சரவை ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. 2.5 லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி, அதற்கு மேல் 25 லட்சம் வரைக்கும் டிரஸ்ட். நான்கு கை என்று முன்னால் சொன்னேன் இல்லையா, அது ஐந்தாகும். அப்ரூவல் சீக்கிரம் வந்தால் நல்லதுதான். வராவிட்டால் திட்டுவதற்கு இன்னொரு ஆள் கிடைப்பார்.

கேரளாவுல நல்லா பாத்துக்கறாங்களாம், அங்க ஜனங்க ஓட்டும் போட்டாங்களாமே?

பாலக்காட்டுப் பக்கம் சம்பந்தம் வைத்திருக்கிற ஒரு பெரியவர் இதை அடிக்கடி கேட்பார். 2021-ல் இடது முன்னணி 140-ல் 99 எடுத்தது, நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து அங்கே ஓர் ஆட்சி தொடர்ந்தது. கொரோனா காலத்தில் ஆஸ்பத்திரியும் ரேஷன் கிட்டும் நின்றுபோகவில்லை என்பது பெரிய காரணம். சுகாதார அமைச்சராக இருந்த சைலஜா டீச்சர் மட்டன்னூரில் 60,963 ஓட்டில் ஜெயித்தார். அந்த நேரத்தில் ஊரே ஒரே வியாதிக்குப் பயந்துகொண்டிருந்தது. முன்னால் சொன்ன 'ஒரு வீட்டுக்கு மட்டும் தெரிகிற' கணக்கு அங்கே பொருந்தாது.

அமெரிக்காவுல மெடிக்கெய்டை வெட்டிட்டாங்கன்னு எம் பையன் சொல்றான். அங்கயும் இதே கதையா?

மெடிக்கெய்டு என்பது அங்கே வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்துப் போட்ட சட்டம் அதில் பெரிய தொகையைக் குறைத்தது. அந்தச் சட்டத்தால் 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று அவர்கள் பாராளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொன்னது. உடம்பு நன்றாக இருக்கிற, வேலை செய்கிற வயதில் இருக்கிற பலர் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ செய்ததாகக் காட்ட வேண்டும். காட்டத் தெரியாதவர் பெயர் போகும். நம் ஊரில் கே.ஒய்.சி. பார்க்காமல் பென்ஷன் நின்றுபோகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் அங்கேயும் உண்டு. கலிபோர்னியாவில் மெடி-கால், டென்னசியில் டென்கேர், ஓக்லஹோமாவில் சூனர்கேர் என்று மாநிலத்துக்கு ஒரு பெயர். நான் வைத்திருப்பது மெடிக்கெய்டு இல்லையே என்று நினைக்கிறவர்கள் அதனால்தான் இருக்கிறார்கள். ஓட்டுக் கணக்கும் நேராகப் போகவில்லை. 2010-ல் ஒபாமா காப்பீட்டை விரித்தார், அதே வருஷம் அவர் கட்சி கீழ்ச் சபையில் 63 இடம் இழந்தது. 2017-ல் டிரம்ப் கட்சி அதை ஒழிக்கப் பார்த்து முடியாமல் போனது, 2018-ல் அவர்கள் சபையையே இழந்தார்கள். கொடுத்தவரும் அடி வாங்கினார், பிடுங்கப் பார்த்தவரும் வாங்கினார்.

எனக்குப் பிடித்த சேதி ஒரேகான் மாநிலத்தில் நடந்தது. 2008-ல் அங்கே மெடிக்கெய்டுக்கு இடம் குறைவு, மனு அதிகம், குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் அந்த நவம்பர் தேர்தலில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக ஓட்டுப் போட வந்தார்கள். அடுத்த தேர்தல்களில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை.

சும்மா கேக்கறேன் தம்பி, எலெக்ஷனுக்கு எவ்வளவு நாள் முன்னாடி கை வெச்சா தப்பிக்கலாம்?

கேட்டவர் கட்சிக்காரர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், டீயும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். இந்த யோசனை உலகம் பூராவும் இருக்கிறது. மேலே சொன்ன அமெரிக்கச் சட்டத்தில் 80 மணி நேர விதி அமலாகக் கெடு 2027 ஜனவரி 1. அங்கே பாராளுமன்றத் தேர்தல் 2026 நவம்பர். தற்செயலா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வெட்டுகிறவர்கள் முதல் இரண்டு வருஷத்தில் வெட்டுவார்கள், கடைசி வருஷத்தில் கூட்டிக் கொடுப்பார்கள். பாதி நாள் இது வேலை செய்யும். ஜெகன் கடைசி ஐந்து மாதத்தில் லிமிட்டை ஏற்றியும் வேலை செய்யவில்லை என்பதைப் பார்த்தோம். டீக்கு நன்றி சொல்லி அவரிடம் இதைத்தான் சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை.

உப்பிட்டவரை மறக்கலாமா? எங்கப்பாவுக்கு பைபாஸ் பண்ணிக் குடுத்த கட்சிக்கு ஓட்டுப் போடாம இருக்க முடியுமா?

உங்கள் ஓட்டு, உங்கள் இஷ்டம். அந்த நன்றியை நான் கேலி பண்ண மாட்டேன். அப்பா எழுந்து உட்கார்ந்து காபி குடிக்கிறதைப் பார்த்த பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் அந்த உப்பு யார் வீட்டு உப்பு? நீங்கள் வாங்குகிற நூலுக்கு, சோப்புக்கு, குவார்ட்டருக்குக் கட்டுகிற வரிதான் அது. கட்சி பரிமாறினது, சமைத்தது நீங்கள்.

இதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம். நன்றியை வருஷக் கணக்கில் ஞாபகம் வைத்திருக்கிற நாம், பணம் கேட்ட தேதியை ஒரு மாதம்கூட ஞாபகம் வைத்திருப்பதில்லை.

சரி, கார்டு இருந்தும் பணம் கேட்டா எலெக்ஷன் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்தே 104-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லுங்கள். மித்ராவிடம் கேஸ் பதிவானதா என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சீல் போட்ட ரசீது கேளுங்கள், என்ன காரணத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் யார், எந்தத் தேதி, எத்தனை மணி என்று கார்டு கவரின் பின்னாலேயே எழுதி வையுங்கள்.

சித்தப்பாவின் அந்த வெள்ளைத் தாளை ரொம்ப நாள் தேடினோம். மாத்திரைச் சீட்டோடு சேர்த்து யாரோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரி ரசீது யார் கொண்டுவந்தாலும் ஒரு காப்பி சேர்த்து எடுத்துக் கொடுக்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஒரிஜினலில் இங்க் மங்கிவிடும்.